கடலும் சைன் அலையும்: நடுக்கோடு எங்கே?

பன்னிரண்டாவது படிக்கும் என் பேத்தி திரிகோணமிதிப் புத்தகத்தோடு வந்தாள். "தாத்தா, சைன்னா மேலே ஒண்ணு, கீழே மைனஸ் ஒண்ணுன்னு தானே ஆடணும்? இந்த அலை ஏன் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

கடைக்காரனுக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். டப்பாவோடு பருப்பை நிறுத்தால், எல்லா எடையிலும் காலி டப்பாவின் எடை சேர்ந்தே வரும். ஆனால் ஒரு நிறுவைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் மாறாது. சைனோடு ஓர் எண்ணைக் கூட்டினாலும் அப்படித்தான். அலை முழுவதும் மேலே போகும், வீச்சு மாறாது. இதுவே செங்குத்துப் பெயர்ச்சி.

கண்டுபிடிப்பது சுலபம். உச்சத்தையும் தாழ்வையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுக்கோடு; கழித்துப் பாதியாக்கினால் வீச்சு.

நம் மும்பைக் கடலையே பாருங்கள். மராட்டியர் பர்தி, ஓஹோட்டி என்று சொல்லும் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய சைன் அலைதான். ஓர் உச்சத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். துறைமுகத்தார் பூஜ்யத்தைக் கடலின் சராசரி மட்டத்தில் வைப்பதில்லை. வெகுவாக வற்றும் மட்டத்தை ஒட்டி வைக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உச்சம் சராசரியாக 4.4 மீட்டர், தாழ்வு 0.8. நடுக்கோடு 2.6, வீச்சு 1.8. அஷ்டமியை ஒட்டி உச்சம் 3.3, தாழ்வு 1.9. வீச்சு 0.7 ஆகச் சுருங்குகிறது. நடுக்கோடு அதே 2.6 தான்!

இது வெறும் பரீட்சைக் கணக்கு அல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. பிற்பகல் ஏற்றம் 4.48 மீட்டர். சாக்கடை நீர் கடலுக்குள் இறங்க வழியில்லை. சயானில் என் கடையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூட்டைகள் எல்லாம் போச்சு.

அன்றைய உச்சத்தை மட்டும் பார்த்துக் கடல் உயர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அந்த உயரத்தில் சந்திரனின் பங்கு பெரிது. நடுக்கோடு வருஷக்கணக்கில் நகர்கிறதா என்பதே கேள்வி. அதைப் பார்க்க, அப்பல்லோ பந்தரில் 1878 முதல் அளந்த கடல்மட்டப் பதிவுகள் உதவுகின்றன. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. நடுக்கோடு அவ்வளவு ஏறினால், வீச்சு மாறாமலே 4.4 என்பது 4.6 ஆகிவிடும்; வற்றத்திலும் அதே 20 செ.மீ. கூடும். சாக்கடை வாய்க்கு அந்த ஒரு சாண் கூட பெரிய விஷயம்.

ஆகவே, பிள்ளைகள் இந்தப் பாடத்தை எடுத்தால், ஜூலை மாதப் பேப்பரில் வரும் ஏற்ற, வற்ற நேரப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். நடுக்கோட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.