செவியுற்றதெல்லாம் செய்தியாகுமா?



திருமறை விரிவுரையாளர்கள் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் ஜகாத் பெற்றுவர நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். அக்குலத்தார் தம்மை வரவேற்கத் திரண்டு வந்ததைத் தாக்க வருவதாக எண்ணி அஞ்சிய அவர், பாதி வழியிலேயே திரும்பினார். ஜகாத் தர மறுத்துத் தம்மைக் கொல்லவும் துணிந்தனர் என்று மதீனாவில் அறிவித்தார். ஊர் கொதித்தது. அக்குலத்தார் நேரில் வந்து உண்மையை உரைத்த பின்னரே அவர்கள் மீதிருந்த பழி நீங்கிற்று. உறுதியற்ற செய்தியை நம்பி, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த வேண்டாம், தீர விசாரியுங்கள் என்று 'அல் ஹுஜுராத்' அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அந்நேரத்தில் அருளப்பெற்றது என்பர்.

இவ்வசனத்தை ஓதுந்தோறும் 2011ஆம் ஆண்டின் இறுதியில் நம் கம்பம் பள்ளத்தாக்கு கண்ட நாட்கள் நினைவுக்கு வருகின்றன.

1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது முல்லைப் பெரியாறு அணை. மலையைக் குடைந்து வரும் அதன் நீரால், லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி நகரை மச்சு அணை உடைந்த வெள்ளம் அழித்தது. அதன் பின்னர் பெரியாறு அணையைப் பற்றிய அச்சமும் கேரளத்தில் ஓங்கியது. அவ்வாண்டே நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணையை வலுப்படுத்தும் பணிகள் தொடங்கின. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் பிணக்கு தீரவில்லை.

2011இல் இடுக்கி மாவட்டத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அணை உடைந்து பேரழிவு நேர்வதைக் காட்டும் 'டேம் 999' என்ற திரைப்படமும் அந்த நவம்பரில் வெளிவந்தது. அணை உடையுமோ என்ற ஐயம், உடைந்தே தீரும் என்ற உறுதிபோலப் பேசப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மாள்வர் என்ற பேச்சு இரவும் பகலும் காதில் விழுந்தால் எந்தத் தாய்தான் உறங்குவாள்? வண்டிப்பெரியாறு மக்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. பழைய அணையின் உறுதியைக் குறித்துக் கேள்வி எழுப்புவது குற்றமன்று. விடை வருமுன் தீர்ப்பை விற்பதே குற்றம்.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? ஏலத் தோட்டங்களில் கூலி வேலை செய்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து மலையிறங்கி வந்தார்கள். குமுளிப் பாதை அடைபட்டு, சபரிமலை யாத்திரிகர்கள் அலைக்கழிக்கப்பட்டார்கள்.

சகோதரர்களே, இதுவரை கூறியது மலைக்கு அப்பால் நிகழ்ந்த பிழை. நம் பக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. அங்கே நடந்த தாக்குதல்களோடு நடவாதவையும் கலந்து வதந்தியாகப் பரவின. கேட்டவர் கொதித்தனர். ஆண்டுக்கணக்கில் நம்மிடையே வாழ்ந்த மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. தேநீர்க் கடை நடத்தியவர் அணையின் நீர்மட்டத்தை நிர்ணயித்தாரா? பனூ முஸ்தலிக் குலத்தாருக்கு நேரவிருந்த அநீதியன்றோ அந்த எளியவருக்கு நேர்ந்தது!

உண்மை பின்னர் அமைதியாக வந்தது. நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து, அணை பாதுகாப்பாக உள்ளதென 2012இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர் அந்த அளவை எட்டியது, அணை நின்றது. எனினும் 2021 அக்டோபரில் சமூக ஊடகங்களில் பீதி மீண்டும் கிளம்பவே, பொய்ப் பிரசாரம் செய்வோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் எனக் கேரள முதலமைச்சரே எச்சரிக்க நேர்ந்தது.

அமைதியையோ அச்சத்தையோ பற்றிய செய்தி வந்தால் உடனே பரப்பிவிடாமல், ஆராய்ந்தறியும் ஆற்றலுடைய பொறுப்பாளர்களிடம் கொண்டு செல்லும் ஒழுங்கை 'அந்நிஸா' அத்தியாயத்தின் 83ஆம் வசனம் கற்பிக்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. அன்று இது எழுதுகோல் ஏந்தியவர்களுக்கு உரிய பாடமாகத் தோன்றியிருக்கலாம். இன்றோ கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தியாளரே!

அடுத்த பருவமழையிலும் அணை நீர் ஏறும்; கைப்பேசியில் செய்திகளும் ஏறும். விரல் அதனைப் பிறருக்கு அனுப்புமுன் சற்றே நில்லுங்கள். இதைச் சொன்னவர் யார்? கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா? இது பொய்யாயின் யார் வீட்டுக் கதவு உடைபடும்? இம்மூன்றுக்கும் விடை கிட்டாத செய்தி உங்களோடு நின்றுவிடட்டும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைக்கு அப்பாலும் உறவும் தொழிலும் உண்டு. ஆகவே இரு பக்கத்தின் உண்மையையும் கேட்டறியும் வாய்ப்பு நமக்கு அதிகம். அதற்கேற்பப் பொறுப்பும் அதிகம்.

நாவையும் விரலையும் காத்துக்கொள்ளும் நல்லோராய் வல்ல இறைவன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.