உப்பளத்து வெயிலை அளக்கும் கருங்கோளம்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்குக் கிழக்கே கழுவெளி நீர்ப்பரப்பு கடலைத் தொடும் பக்கத்தில் விரிந்து கிடக்கும் மரக்காணம் உப்பளங்களில், தை பிறந்து நிலம் காயத் தொடங்கியது முதல் ஐப்பசி மழை இறங்கும் வரை உப்பு விளைகிறது. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலில் சுண்டவிட்டு, விளைந்ததைப் பலகையால் வாரி வரப்போரம் குவித்து, கூடை கூடையாகத் தலைச்சுமையில் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவது வரை வேலையின் பெரும்பகுதி மனித உடலாலேயே நடக்கிறது. உப்பை விளைவிக்கும் வெயிலே தொழிலாளியின் உடலையும் வற்றச் செய்வதால், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்ற கேள்வி இங்கே ஆண்டில் பல மாதங்கள் எழுகிறது. வேலையிடத்துத் தீங்குகளை எண்ணால் அளந்து கட்டுப்படுத்த முயலும் தொழிலகச் சுகாதாரவியல், இந்தக் கேள்விக்கென்றே ஒரு கருவியை வைத்திருக்கிறது.

வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை இதற்கு உதவாது. அந்த எண், நான்கு பக்கமும் சாய்சட்டங்கள் அடித்து வெள்ளை வண்ணம் பூசிய ஒரு மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், நிழலில் இருக்கும் வெப்பமானி காட்டும் அளவு. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன், புதையல் தீவுக் கதையால் புகழ்பெற்ற எழுத்தாளரின் தந்தை. காற்றின் வெப்பத்தை மட்டும் அறிய வேண்டிய வானிலையாளருக்கு இது சரியான ஏற்பாடே. ஆனால் பாத்தியில் நிற்பவரின் தலைமேல் நேர்வெயிலும், கீழிருந்து வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், சுற்றிலும் உவர்நீரிலிருந்து எழும் ஈரமும் ஒருசேரத் தாக்குகின்றன. இவற்றில் எதையும் அந்த வெப்பநிலை எண் காட்டுவதில்லை.

இக்குறையை நீக்க அமெரிக்காவில் யாக்லூ, மினார்ட் என்ற இருவர் 1957இல் ஒரு குறியீட்டை வெளியிட்டனர். இராணுவப் பயிற்சி முகாம்களில் இளம் வீரர்கள் வெப்பத்தாக்கால் விழுந்ததே அதற்குக் காரணம். ஈரக்குமிழ் கோள வெப்பக் குறியீடு எனத் தமிழில் சொல்லத்தக்க அதற்கு மூன்று வெப்பமானிகள் தேவை. முதலாவது நிழலில் வைத்த சாதாரண வெப்பமானி. இரண்டாவது, ஏறத்தாழ அரையடி விட்டமுள்ள, மினுக்கமில்லாத கருப்பு பூசிய செப்புக் கோளத்தின் நடுவில் செருகப்பட்டது. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் கதிர்வெப்பத்தைக் கோளம் உறிஞ்சுவதால், வெயிலில் இதன் அளவு காற்றின் வெப்பத்தைவிட மிகவும் மேலே ஏறிவிடும். மூன்றாவதன் குமிழில் நனைந்த பருத்தித் திரி சுற்றப்பட்டிருக்கும். மண்பானை நீர் குளிர்வதைப் போல, திரியின் ஈரம் ஆவியாகும்போது குமிழ் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் குறைந்து குமிழும் சூடாகவே நிற்கிறது. வியர்வை வேலை செய்கிறதா இல்லையா என்பதை இம்மூன்றில் இந்தத் திரியே சொல்லும்.

உப்பளத்தில் இந்தத் திரிக்குத் தனிக்கவனம் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில்தான் அதை நனைக்க வேண்டும்; உவர்நீர் தெறித்தோ உப்புக்காற்று படிந்தோ திரி விறைத்துப்போனால் ஆவியாதல் தடைப்பட்டு அளவு பொய்யாகும். கருங்கோளமும் வைத்த உடனே உண்மை சொல்லாது. உள்வெப்பம் நிலைபெற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், அவசரமாக வந்து குறித்துக்கொண்டு போகும் அளவீட்டுக்கு மதிப்பில்லை.

வெயிலில் எடுக்கும் அளவுக்குக் கணக்கு இது: ஈரக்குமிழ் அளவில் பத்தில் ஏழு பங்கு, கோளத்தின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, சாதாரண வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கு ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, உள்நாட்டில் விழுப்புரம் நகர்ப்புறத்தில் காற்று 40, கோளம் 52, ஈரக்குமிழ் 24 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் குறியீடு 31.2 வரும். அதே நாளில் கடலோர மரக்காணத்தில் காற்று 35, கோளம் 46, ஈரக்குமிழ் 28 என்றால் 32.3 வரும். ஐந்து டிகிரி குறைவாகச் சுடும் இடமே உடலுக்குக் கூடுதல் ஆபத்து. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி கடலோர நிலையத்தில் வெப்பநிலை 37 டிகிரியையாவது எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது மிகுந்தால்தான் வெப்ப அலை எனப்படும். ஆகவே 35 டிகிரி நாள் மரக்காணத்தில் வெப்ப அலை நாளாகக் கருதப்படாது.

வெயிலுக்குப் பழகிய உடல் கடும் உழைப்பில் ஈடுபடும்போது இக்குறியீடு 26ஐத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 7243 என்னும் பன்னாட்டுத் தரத்தின் வழிகாட்டல்; தாண்டினால் வேலை நேரத்தைக் குறைத்து ஓய்வைக் கூட்ட வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலோர் பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதையும் கண்டனர். மத்திய அமெரிக்காவின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையே பரவிய சிறுநீரக நோயிலும் வெப்பமே முதன்மையாக ஐயுறப்படுகிறது. கழிப்பிடம் இல்லாத களத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதால், பாதிப்பு இன்னும் கூடுகிறது. இதை எந்த வெப்பமானியும் காட்டாது.

கருவியை வேலை செய்பவர் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்ற விதி வெப்பத்துக்கு மட்டும் உரியதன்று. திண்டிவனம், வானூர் வட்டாரக் கல்குவாரிகளிலும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலும் தூசியை அளப்பதற்கு, இடுப்பில் ஒரு சிறு பம்பும் சட்டைக் காலரில் மூக்குக்கு அருகே ஒரு வடிதாளும் தொழிலாளிக்கே மாட்டிவிடப்படுகின்றன. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்தூசியை மட்டும் பிரித்துப் பிடித்து, வேலை முடிந்தபின் வடிதாளின் எடை எவ்வளவு கூடியது என்று பார்க்கிறார்கள். தூசியில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் பங்கு கூடக்கூட அனுமதி அளவு சுருங்கும். கண்ணுக்குத் தெரிந்து பறக்கும் புழுதி பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தருவது கண்ணுக்குத் தெரியாத துகள்தான்.

இனிச் சட்டத்தின் பக்கம். உப்பளம் ஒரு தொழிற்சாலையா என்ற வழக்கில், திறந்த வெளியும் தொழிற்சாலை வளாகமே, கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்தியே என்று உச்ச நீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. பம்பாய் வடாலா உப்பளம் பற்றிய அத்தீர்ப்பு துணிச்சலானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, காற்றோட்டமும் தாங்கத்தக்க வெப்பநிலையும் ஒவ்வொரு வேலை அறையிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டது. சுவரும் கூரையும் இல்லாத பாத்தியை அந்தச் சொற்கள் எட்டவில்லை. கருங்கோளக் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. கூரைக்குக் கீழே ஒரு கணக்கு, வெயிலில் ஒரு கணக்கு என இரண்டு சூத்திரங்களும் அதற்கு உண்டு.