பந்தயப் பனியன்: நனைந்த பிறகு எத்தனை கிராம்?

ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை 1961-இலேயே வந்துவிட்ட ஊர் ஆவடி. துணியை இரண்டு விரலால் தடவியே ரகம் சொல்லிவிடும் ஆட்கள் இங்கே இன்றும் உண்டு. ஆனால் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குக் கையில்லாத பனியன் வாங்கப் போனால் அந்த விரல் கணக்கு போதாது. கடையில் பனியன் காய்ந்திருக்கிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் அப்படி இருக்காது.

நம் பக்கம் விடியற்காலையில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். வேகமாக ஓடுபவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். அந்த ஒரு லிட்டரும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டிப்போன வியர்வையால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பருத்தி இழை ஈரத்தை உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 8 விழுக்காடு அளவு ஈரம் அதில் இருக்கும், பாலியஸ்டரில் 0.4தான். பாலியஸ்டரில் வியர்வை இழைகளின் இடுக்கு வழியாக, திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி, வெளிப்பக்கம் பரவிக் காயும்.

அதற்காக 'டிரை-ஃபிட்' என்று அச்சடித்ததெல்லாம் ஒன்றாகிவிடாது. ஜிஎஸ்எம் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. திருப்பூர்க்காரர்களின் அன்றாடப் பேச்சு. சாதாரண டி-ஷர்ட் 160, 180 இருக்கும். பந்தயப் பனியன் 100-ஐ ஒட்டியோ கீழோ இருக்கட்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முதுகிலும் பக்கவாட்டிலும் துளை தெரிய வேண்டும். ஊதினால் மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும். நம் புழுக்கத்துக்குத் துணி வியர்வையை இழுப்பதைவிடக் காற்றை விடுவதுதான் பெரிய உதவி என்பது என் கட்சி. அதனால் உடம்பைப் பிடிக்காத அளவே எடுங்கள்.

பிறகு உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அக்குளோரத்தில் தையல் புடைத்து நின்றால் வைத்துவிடுங்கள். உப்பும் சேர்ந்து தோலை அறுத்துவிடும். ஃப்ளாட்லாக் தையல் படிந்து கிடக்கும். மார்புக்காம்பு உரசி ரத்தக்கறையோடு ஓடி முடிக்கும் ஆண்கள் உண்டு. அந்தப் பழியைப் பனியன்மேல் மட்டும் போட முடியாது. கொஞ்சம் வாசலின் தடவியிருக்கலாம்.

எண் அட்டையைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காற்றுப் புகாத அந்தத் தாளை நெஞ்சுக்கு நடுவே குத்தினால், காசு கொடுத்து வாங்கிய துளைகளை நாமே அடைத்த மாதிரி. வயிற்றுப் பக்கம் இறக்கி ஊக்கு குத்துங்கள்.

பந்தயத்தன்று முதன்முதலாகப் போட வேண்டாம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு நீள ஓட்டம் ஓடிவிட்டு, ஈரத்தோடு சமையலறைத் தராசில் வையுங்கள். காய்ந்தபோது 70 கிராம் இருந்தது 200-ஐத் தாண்டினால் அது பயிற்சிக்கு மட்டும். துவைக்கும்போது வாசனைக்காக மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது இழைமேல் படிந்து வியர்வை பரவுவதைக் கெடுக்கும்.