பெட்டியை ஒளிக்கும் முன்...

"ஜியோகேச்சிங்" என்றதும் எங்க அப்பா, "புதையலா? எனக்கும் பங்கு உண்டாடா?" என்றார். காசு பணம் இல்லை நண்பர்களே! 2000 மே 3-ல், அமெரிக்காவின் ஒரிகனில், டேவ் உல்மர் ஒரு வாளியில் சாமான்களைப் போட்டு ஒளித்து, அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். விளையாட்டு பிறந்தது.

தேடும்போது ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். கிட்டே போனதும் கருவியை விட்டுவிட்டுக் கண்ணால் தேடணும். உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்து அவசியம். (எங்க வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான், விடுவேனா?) ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்பில் இன்னொன்று வைத்து, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைக்கணும்.

ஒளிப்பவருக்குத்தான் பொறுப்பு அதிகம். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பியில், தெருவில் ஒளித்த பெட்டியை வெடிகுண்டு என்று பயந்து ராணுவம் வெடித்தே தகர்த்தது! ஆகவே இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கணும். மூடியில் இன்னதென்று எழுதணும். மண்ணில் புதைக்கக் கூடாது. தின்பண்டமும் வேண்டாம், நமக்கு முன் எறும்பு கண்டுபிடித்துவிடும்.