லித்தியம் உண்ணும் நண்பர்

விடுதியில் என் அறைத்தோழர், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய்க்கு லித்தியம் உட்கொள்பவர். அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறேன். இந்நோயில் லித்தியத்தின் பயனை 1949-இல் வெளியிட்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட்.

“மாத்திரை போட்டாயா?” என்று நாள்தோறும் கேட்பதே உதவி எனப் பலர் எண்ணுகின்றனர். அது காவற்காரர் வேலையன்றோ! நாம் அறிய வேண்டியது வேறு. சிறுநீரகம் லித்தியத்தைச் சமையலுப்பின் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால், லித்தியத்தையும் வெளிவிடாமல் பிடித்துக்கொள்ளும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. குருதிச் சோதனை அதற்காகவே. ஆகவே தில்லிக் கோடையில் வியர்த்துக் கொட்டும்போதும், விடுதிச் சாப்பாட்டின் புண்ணியத்தில் வாந்திபேதி காணும்போதும் விழிப்பு வேண்டும். எங்கள் அறையில் மண்பானையை நிரப்புவது என் பொறுப்பு. தலைவலிக்கென நாம் அன்போடு நீட்டும் இபுப்ரோஃபென் மாத்திரையும் அளவை ஏற்றிவிடும்.

கை இலேசாக நடுங்குவது பலருக்கும் உண்டு. அதைக் கண்டு நகையாதீர்கள். நடுக்கம் மிகுந்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினாலோ, தூங்கட்டுமென்று விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். லித்தியம் உண்பவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

“நலமாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு மருந்து?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். குறைப்பதும் நிறுத்துவதும் அவரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டியவை.