குட்டைக் கால் நாய்க்கு முதுகு வலி!

கால்கள் குட்டை, உடம்போ நீளம். ஓடி வரும்போது குட்டி ரயில் வருவது போலிருக்கும். 'டாஷண்ட்' நாயைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்?

இதன் சொந்த நாடு ஜெர்மனி. மண்ணில் வளை தோண்டி வாழும் 'பேட்ஜர்' என்ற விலங்கை, வளைக்குள்ளேயே புகுந்து விரட்ட வேட்டைக்காரர்களுக்கு ஒரு நாய் தேவைப்பட்டது. அதனால், குட்டைக் கால் நாய்களாகவே தேர்ந்தெடுத்து வளர்த்தனர். 1972ல் நடந்த மியூனிக் ஒலிம்பிக் போட்டியின் சின்னம், 'வால்டி' என்ற டாஷண்ட் தான்!

ஆனால், அந்த அழகுக் கால்களோடு ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்துவிட்டது.

முதுகெலும்பு, கோத்து வைத்த மணிகள் போல இருக்கும். இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு குட்டி மெத்தை உண்டு, அதுதான் 'டிஸ்க்'. வெளியே கெட்டியான நார் வளையம். உள்ளே நுங்கு போன்ற ஜெல்லி. குதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது இதுதான். டாஷண்டுக்கோ, ஒரு வயது ஆவதற்குள்ளேயே இந்த ஜெல்லி காயத் தொடங்கி, சுண்ணாம்புக் கட்டி போல இறுகி விடுகிறது. பிறகு ஒருநாள், சோபாவிலிருந்து குதிக்கும்போதோ, சும்மா திரும்பும்போதோ வளையம் கிழியும். உள்ளே இருப்பது பிதுங்கி, தண்டுவடத்தை அழுத்தும். பயங்கரமாக வலிக்கும், பின்னங்கால்கள் செயலிழந்தும் போகலாம். சுமார் ஐந்தில் ஒரு டாஷண்டுக்கு இந்த நோய் வருகிறது.

முதுகு நீளம் என்பதால்தான் இப்படி என்று பலரும் நினைக்கின்றனர். 2017ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வேறொன்றைக் கண்டுபிடித்தனர். காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றம் ஒன்றே, டிஸ்க்கையும் கெடுக்கிறதாம்! டென்மார்க், பின்லாந்து நாடுகளில் நாய்க்கு எக்ஸ்ரே எடுத்து, எத்தனை டிஸ்க் இறுகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, குறைவாக உள்ளவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தேர்வு செய்கின்றனர்.

உங்கள் வீட்டு டாஷண்டைத் தூக்கும்போது, ஒரு கை மார்புக்கு அடியிலும், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியிலும் இருக்கட்டும். தூக்கினால் கத்துகிறதா? முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறதா? பின்னங்கால் தள்ளாடுகிறதா? 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருந்துவிடாமல், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர், அதன் கால் விரலை அழுத்திப் பார்ப்பார். வலி தெரிந்தால் நல்ல செய்தி. ஆபரேஷன் செய்தால் மீண்டும் நடக்க நிறைய வாய்ப்பு உண்டு. பாதிப்பு லேசானது என்றால், சில வாரம் கூண்டில் ஓய்வு. பாவமாகத்தான் இருக்கும், ஆனால், அது தண்டனை இல்லை, மருந்து!

நடக்கவே முடியாமல் போன நாய்களுக்கு, இடுப்பில் மாட்டும் இரண்டு சக்கர வண்டி இருக்கிறது. முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே பந்தைத் துரத்தும்!