வரியே இல்லாத தீவில் வேலை! கேமன் தீவுகளைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

சம்பளத்தில் வருமான வரி என்று ஒரு காசுகூடப் பிடிக்காத ஊர் இருக்கிறது, தெரியுமா? கரீபியன் கடலில் கியூபாவுக்குத் தெற்கே இருக்கும் கேமன் தீவுகள்தான் அது! வீட்டு வரியும் கிடையாது. பிரிட்டனின் ஆளுகையில் உள்ள இந்த மூன்று தீவுகளையும் சேர்த்தாலே 264 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சி 426! 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 71,000. பதிவான கம்பெனிகளோ ஒரு லட்சத்துக்கும் மேல்! ஆளைவிடக் கம்பெனி அதிகம். வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டினர்.

வரி ஏன் இல்லை? தீவில் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். 1794 பிப்ரவரியில் கிராண்ட் கேமன் தீவின் கிழக்குக் கரையோரப் பவளப்பாறையில் 10 கப்பல்கள் அடுத்தடுத்து மோதி உடைந்தன. தீவுக்காரர்கள் கடலில் இறங்கி ஆட்களை மீட்டார்கள். மனம் குளிர்ந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னர், இனி இவர்களுக்கு வரியே வேண்டாம் என்றாராம்! கப்பல்கள் உடைந்தது வரலாறு. மன்னர் கதைக்கு ஆவணம் இல்லை, ஆனால் இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது.

அப்படியானால் அரசாங்கம் எதில் ஓடுகிறது? இங்கேதான் கவனம் வேண்டும்! அரிசி முதல் கார் வரை கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலான சரக்குக்கு 22 சதவீதம் இறக்குமதித் தீர்வை. வருமானத்தில் எடுக்காததைச் செலவில் எடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று: 1 கேமன் டாலர் என்பது 1.20 அமெரிக்க டாலர். ஆனால் கடையில் அமெரிக்க டாலரை நீட்டினால் 80 கேமன் சென்ட் கணக்குதான். விலைச்சீட்டில் 10 என்று இருந்தால் 12.50 எண்ணி வைக்க வேண்டும்! சம்பளம் பேசும்போது எந்த டாலரில் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

வொர்க் பர்மிட்டுக்கு நீங்கள் விண்ணப்பிப்பதில்லை, முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் உள்ளூர்க்காரர்களுக்காக அந்த வேலையை விளம்பரப்படுத்தவும் வேண்டும். மருத்துவக் காப்பீடு கட்டாயம்; பிரீமியத்தில் குறைந்தது பாதி முதலாளி பொறுப்பு. 9 மாதம் வேலை பார்த்தால் வெளிநாட்டவருக்கும் பென்ஷன் பிடித்தம் தொடங்கும், முதலாளியும் பங்கு போடுவார். 2013-ல் திருத்திய சட்டம், நிரந்தர வசிப்புரிமை கிடைக்காதவர் 9 ஆண்டு முடிந்ததும் தீவைவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்றது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. கையெழுத்துக்கு முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். மயாமி வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே இந்தியர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும், தெரியுமா?

பெட்டி கட்டும்போது மிக்ஸியை வைக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அங்கே கரண்ட் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சுவரில் இருப்பது அமெரிக்க பிளக் பாயின்ட். நம் 230 வோல்ட் மிக்ஸியில் சட்னி அரைபடாது, மோட்டார் முக்கிக்கொண்டு நிற்கும். 110 வோல்ட் மாடல்களை நம் ஊர்க் கம்பெனிகளே விற்கின்றன, கேட்டு வாங்குங்கள். சாலையோ நமக்குப் பழகியதுதான், இடது பக்கம். ஆனால் ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள ஜப்பான் கார்களும் இடப்பக்கம் உள்ள அமெரிக்கக் கார்களும் ஒரே சாலையில் கலந்து ஓடும்!

ஞாயிற்றுக்கிழமை பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இந்தத் தீவுகளில் ஆறே இல்லை என்றால் நம்புவீர்களா? சுண்ணாம்புப்பாறை நிலம், மழை பெய்ததும் உள்ளே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தார்கள். இன்று கிராண்ட் கேமனில் குழாயில் வருவது பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல்நீர்! தலைநகர் ஜார்ஜ் டவுன் உள்ள அந்தத் தீவு தட்டையானது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் வந்தபோது கடல் ஊருக்குள்ளேயே புகுந்தது, பெரும்பாலான வீடுகள் சேதமடைந்தன. புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். கட்டடம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஜன்னலுக்குப் புயல் ஷட்டர் உண்டா என்பதையும் கேளுங்கள்.

உலகத்தில் வேறெங்கும் காட்டில் வாழாத நீல இகுவானா கிராண்ட் கேமனில்தான் இருக்கிறது! 2002-ல் காட்டில் எஞ்சியவை 25-க்கும் குறைவு. கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, விட்டு, 2018-க்குள் ஆயிரத்தை எட்டிவிட்டார்கள். எலிசபெத் ராணி பெயரிலான தாவரவியல் பூங்காவில் நேரிலேயே பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், வருஷம் முழுக்க அதேதான். கோடைக்கு ஒரு கடிகாரம், குளிருக்கு ஒரு கடிகாரம் என்று அங்கே மாற்றுவதில்லை. காலை எட்டரைக்கு ஆபீஸுக்குள் நுழையும்போது நம் வீட்டில் இரவு மணி 7. தாராளமாக போன் போடலாம்!